பருவம் தவறாத யந்திரம்

நிலமும் வீடும் நீங்கலாக, ஒரு விவசாயக் குடும்பம் தன் ஆயுளில் செய்யும் மிகப் பெரிய செலவுகளுள் ஒன்று டிராக்டர் வாங்குவதாகும். சந்தையில் ஒரு ஜோடி உழவு மாடு பிடிக்கப் போனால் பல்லைப் பார்த்து, சுழியைப் பார்த்து, நாலு அடி நடக்கவிட்டுப் பார்த்து, அதன்பின் துண்டுக்குள் கைவிட்டு விலை பேசிய நம் சம்சாரிகள், அதைப்போல் பல மடங்கு பொருள் செலவாகும் இந்தக் காரியத்தை, விற்பனையாளர் விவரிக்கும் தவணைத் திட்டத்தையும் பக்கத்து வயற்காரரின் வண்டியையும் மாத்திரமே ஆதாரமாகக் கொண்டு முடித்துவிடுவது வருந்தத்தக்கதாகும். 2025 செப்டம்பரில் டிராக்டருக்கான சரக்கு, சேவை வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. விலை இறங்கியதும் வாங்கும் ஆவல் எழுவது இயல்பு. ஆகவே, எதை வாங்குவது, வாங்கத்தான் வேண்டுமா என்ற இரண்டு கேள்விகளையும் நிதானமாக ஆராய இதுவே தக்க சமயம்.

1959-ஆம் ஆண்டில் பரிதாபாத்தில் ஐஷர் நிறுவனம் இந்தியாவிலேயே டிராக்டர் செய்யத் தொடங்கியது. மறு ஆண்டில் சென்னையில் டாஃபே நிறுவனம் தோன்றியது. அந்தக் காலத்து உழவனுக்குக் கிடைத்ததை வாங்குவதன்றி வேறு வழியில்லை. இன்றோ உலகிலேயே அதிக எண்ணிக்கையில் டிராக்டர் செய்யும் தேசம் நம்முடையது. ஒவ்வொரு தாலுகாத் தலைநகரிலும் நாலைந்து கம்பெனிகளின் ஷோரூம்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பத்துக்குக் குறையாத மாடல்கள் இருக்கின்றன. பஞ்சகாலத்தில் பொறுமை வேண்டியிருந்தது. இந்த மிகுதியின் காலத்திலோ விவேகம் வேண்டியிருக்கிறது.

நம்பத்தக்க டிராக்டர் எது என்று கேட்டால், குதிரைத்திறன் மிக்கது என்றோ, அதிகமாக விற்பது என்றோ நான் சொல்லமாட்டேன். உழவு நாளில் நிற்காமல் ஓடுவதும், நின்றுவிட்டாலும் மறுநாளைக்குள் திரும்ப ஓடச் செய்யத்தக்கதும் எதுவோ, அதுவே நம்பத்தக்கது. நகரத்து வாகனம் ஒன்று ஒரு வாரம் பட்டறையில் கிடந்தால் அதன் சொந்தக்காரருக்கு நேர்வது அசௌகரியம். உழவனின் டிராக்டர் அப்படிக் கிடந்தால் நேர்வது ஒரு போகத்தின் நஷ்டம். வழக்கம்போல் ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்து, வாய்க்காலில் முறைத் தண்ணீர் வந்து சேரும் அந்தச் சில நாட்களுக்குள் டெல்டாக்காரர் தொளி உழுது, பரம்படித்து, நடவுக்கு ஆள் விட்டாக வேண்டும். கோவில்பட்டி, அருப்புக்கோட்டைக் கரிசலிலோ புரட்டாசி மழை பெய்து, சகதி வற்றிப் பதம் கூடிய பிறகு, மண் இறுகிக் கல்லாவதற்குள் விதைப்பு முடிய வேண்டும். இயற்கை தரும் அவகாசம் இவ்வளவு குறுகியதாக இருக்கையில், யந்திரத்தின் குணங்களுள் முதன்மையானது வேகமுமன்று, ஆடம்பரமுமன்று. பருவத்துக்குத் தவறாமையே ஆகும்.

அத்தவறாமை மண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில் தொடங்குகிறது. தொளியில் உழைக்கும் வண்டி அச்சு மட்டத்துக்குச் சேற்றில் புதைந்து நாள் முழுதும் திரும்பிக்கொண்டே இருக்கிறது. ஆயில் சீல் பலவீனமாக இருந்தால் சேற்று நீர் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் புகுந்து, ஒரே பருவத்தில் அவற்றைத் தின்றுவிடுகிறது. ஆகையால் எண்ணெயில் மூழ்கிய பிரேக்கும், நன்றாக மூடப்பட்ட முன் அச்சும், கேஜ் வீல் மாட்டிச் சுழல்வதைத் தாங்கும் பின் அச்சும் அங்கே இன்றியமையாதவை. அளவுக்கு மீறிய எடையும் நன்செய்க்கு ஆகாது; கனத்த வண்டி ஆண்டுக்காண்டு ஆழமாக இறங்கி, நீரைத் தாங்கி நிற்கும் அடிமண்ணையே குலைத்துவிடுமானால், அந்த வயலில் பின்னர் எந்த வண்டியும் இறங்க இயலாது. கரிசலில் நிலைமை நேர் மாறானது; சட்டிக் கலப்பையோ ஒன்பது கொத்துக் கலப்பையோ ஆழப் பிடிக்கையில் சக்கரம் வழுக்காமல் இழுக்கத் தக்க எடையும் பிடிப்புமே அங்கே பலம். பொள்ளாச்சித் தென்னந்தோப்புக்கும் கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டத்துக்குமோ, மரங்களுக்கும் பந்தல்களுக்கும் இடையே நுழைந்து குறுகிய இடத்தில் திரும்பக்கூடிய, 20 முதல் 25 குதிரைத்திறன் கொண்ட சிறு டிராக்டரே போதுமானது. ஒரே வண்டி இம்மூன்று பிரதேசங்களுக்கும் சிறந்தது என்று சொல்பவர், வண்டியை அறிந்திருக்கலாம்; மண்ணை அறிந்தவர் அல்லர்.

அடுத்து, குதிரைத்திறன் என்ற மயக்கத்தைத் தெளிந்துகொள்ள வேண்டும். விளம்பரத்தில் காணும் எண் எஞ்சினின் திறன். ரோட்டாவேட்டரைச் சுழற்றுவதோ பின்புறத்துப் பி.டி.ஓ. தண்டில் வந்து சேரும் திறன். இரண்டுக்கும் இடையே கணிசமான வித்தியாசம் உண்டு. பி.டி.ஓ.வின் நிர்ணயமான வேகம் நிமிஷத்துக்கு 540 சுற்று. அந்த வேகத்தில் எத்தனை குதிரைத்திறன் கிடைக்கிறது என்பதையே வாங்குபவர் கேட்க வேண்டும். ஹைட்ராலிக் எத்தனை கிலோ தூக்கும் என்ற கேள்வியிலும் இத்தகைய சூட்சுமம் இருக்கிறது. இணைப்புக் கம்பிகளின் முனையில் தூக்கும் எடை ஒன்று, அதற்கு 610 மில்லிமீட்டர் பின்னால், கருவியின் பாரம் மெய்யாக அமரும் இடத்தில் தூக்கும் எடை வேறொன்று. கடினமான இடத்தில் கலப்பை சிக்கும்போது எஞ்சின் அணைந்துபோகாமல் முக்கி இழுக்கும் மிச்ச விசை எவ்வளவு என்பதும் கேட்கத்தக்கதே.

இக்கேள்விகளுக்கு விற்பனையாளரின் வாக்கை நம்பியிருக்க வேண்டியதில்லை. மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்னும் ஊரில், மத்திய வேளாண் யந்திரப் பயிற்சி, பரிசோதனை நிலையம் 1955-ஆம் ஆண்டு முதல் இயங்கிவருகிறது. அங்கே டிராக்டரின் பி.டி.ஓ. தண்டில் அளவுகருவியைப் பூட்டி மணிக்கணக்காக ஓட்டுகிறார்கள். கடும் வெப்பச் சூழலில் திறன் எவ்வளவு குறைகிறது, எரிபொருள் எவ்வளவு செலவாகிறது, பிரேக் எப்படி நிற்கிறது, அதிர்வும் இரைச்சலும் ஓட்டுநரை எவ்வளவு வருத்துகின்றன என்றெல்லாம் அளக்கிறார்கள். சேற்றில் இறக்கி, சேறும் நீரும் உள்ளே புகுகின்றனவா என்று பார்க்கிறார்கள். முடிவில் எஞ்சினைப் பிரித்துத் தேய்மானத்தைச் சோதித்து, குறைகளையும் பகிரங்கமாக எழுதிவைக்கிறார்கள். ஜனங்களின் வரிப்பணத்தில் ஜனங்களுக்காகச் செய்யப்படும் இந்தப் பரீட்சையின் பலன், பொறியாளர்களுக்கும் அதிகாரிகளுக்கும் பயன்பட்டு, வண்டியின் கடனை அடைக்கப் போகிற உழவனுக்கு மட்டும் எட்டாமல் இருப்பது நியாயமாகாது.

ஆனால் அந்தப் பரிசோதனை அறிக்கையும் சொல்ல முடியாத ஒன்று உண்டு. அது பழுது பார்க்கும் வசதி. 2023 ஜனவரி முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குக் கடுமையான புகை விதிகள் வந்துவிட்டபடியால், அவற்றுட் பல மின்னணுக் கட்டுப்பாட்டில் டீசலைப் பீய்ச்சும் எஞ்சினுடன் வருகின்றன. காற்றின் தூய்மைக்கு இது நன்மையே. ஆனால் அந்த எஞ்சின் நின்றால், ஊர் மெக்கானிக்கின் ஸ்பானரும் அநுபவமும் போதா. கம்பெனியின் ஆளும் அவர் கணினியும் வர வேண்டும். 50-க்குக் கீழ்ப்பட்ட வண்டிகளில் பழைய முறை டீசல் பம்ப்பே பெரும்பாலும் இருக்கிறது. அதைத் திறந்து சரிசெய்யத் தெரிந்தவர் சின்னப் பட்டணங்களிலும் உண்டு. ஆகவே வாங்குமுன் ஷோரூமின் முன்வாசலைவிட அதன் பின்புறத்துப் பட்டறையைப் பார்ப்பது மேல். கிளட்ச் தட்டும் ஆயில் சீலும் கையிருப்பில் உண்டா, உழவு காலத்தில் மெக்கானிக் வயலுக்கு வருவாரா என்பவற்றை, அதே வண்டியை ஐந்தாறு வருஷம் ஓட்டித் தேய்த்தவரிடம் விசாரிப்பதே உத்தமம்.

இவ்வளவும் சொன்ன பின், எல்லாவற்றிலும் கடினமான கேள்வி எஞ்சுகிறது. 2015-16 விவசாயக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு நில உடைமையின் சராசரிப் பரப்பு 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. ஐந்து ஏக்கர் உள்ளவரையே எடுத்துக்கொள்வோம். இரு போகம், போகத்துக்கு மூன்று உழவு, ஏக்கருக்கு ஒரு மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 30 மணி. போக்குவரத்து முதலியவற்றைச் சேர்த்தாலும் 100 மணியைத் தாண்டாது. 7 லட்சம் ரூபாய் கடனுக்கு 10 விழுக்காடு வட்டி என்றால் முதலாண்டு வட்டியே 70,000 ரூபாயை நெருங்கும்; டீசலும் ஓட்டுநர் கூலியும் போக, ஓடும் ஒவ்வொரு மணிக்கும் சுமார் 700 ரூபாய் வட்டிக்கே போகிறது. ஊராருக்கு வாடகைக்கு ஓட்டத் துணிவும் ஓட்டுவதற்கு ஆளும் உள்ளவருக்கே சொந்த டிராக்டர் கட்டுபடியாகும். மற்றவர்களுக்கு, உழவன் செயலி வழியாகவும் நேரிலும் வேளாண்மைப் பொறியியல் துறை வாடகைக்குத் தரும் டிராக்டரோ, நாலைந்து பங்காளிகள் கூடி வாங்கும் ஒரு டிராக்டரோ கௌரவத்துக்கு எவ்விதத்திலும் குறைவானதன்று. 2016-இல் தஞ்சை மாவட்டத்தில், கடன் நிலுவைக்காக உழவர் ஒருவரைக் காவலர்கள் அடித்து இழுத்து, அவர் டிராக்டரைப் பறித்துச் சென்ற காட்சியை நாடே கண்டு கொதித்தது. நிலத்தின் வருமானம் தாங்காத கடனை உழவன் தலையில் ஏற்றிவிடும் எந்த விற்பனையும் சேவை ஆகாது.

ஆகவே அரசிடமும் கம்பெனிகளிடமும் கேட்கவேண்டியவை சிலவே. ஒவ்வொரு மாடலின் பரிசோதனை முடிவும், பி.டி.ஓ. திறன், எரிபொருட்செலவு, தூக்குதிறன், சேற்றுச் சோதனையில் கண்ட குறை என்ற வரிசையில், ஒரே பக்கத்தில், எளிய தமிழில் எல்லா ஷோரூம்களிலும் தொங்கவிடப்பட வேண்டும். விற்ற மாடலுக்குக் குறைந்தது 15 ஆண்டுக்கு உதிரி பாகம் கிடைக்குமென்று எழுத்து மூலம் உறுதி தரவேண்டும். தவணைகள் மாதக் கணக்கில் அல்லாமல் அறுவடைக் கணக்கில் அமைய வேண்டும். கடன் தருமுன், அந்த நிலம் அந்த யந்திரத்தைத் தாங்குமா என்று வங்கி மெய்யாகவே கணக்கிட வேண்டும். இவை சலுகைகள் அல்ல. நாட்டுக்குச் சோறு போடுகிறவன் தன் பணத்துக்குக் கேட்கும் நேர்மையான பதில்கள். அப்பதில்கள் கிடைக்கும்வரை எந்தக் கடன் பத்திரத்திலும் கையெழுத்திடாமல் இருக்கும் உறுதி நம் உழவர்களுக்கு வேண்டும்.