கஞ்சாவை விட்ட பையன் ஏன் எரிஞ்சு விழறான்?

"விட்டு நாலு நாள் ஆச்சு டாக்டர். தூங்கல, சாப்பிடல, எதுக்கெடுத்தாலும் கத்துறான். அடிச்சிட்டிருந்தப்பவே தேவலாம்போல!" காஞ்சிபுரத்துல தறி ஓடுற வீட்டு அம்மாக்கள்கிட்ட அடிக்கடி கேட்கிற பேச்சு இது.

திமிர் இல்லீங்க. அவன் மூளை செல்லுல நடக்கிற வேலை.

நரம்பு செல் மேல சிபி1னு ஒரு ஏற்பி. நம்ம உடம்பே சுரக்கிற ஆனந்தமைடுக்காக இருக்கிறது (1992ல கண்டுபிடிச்சவங்க 'ஆனந்தம்'ங்கிற நம்ம ஊர்ச் சொல்லைத்தான் பேரா வச்சாங்க!). அதோட வேலை பிரேக் மாதிரி: ரொம்பத் துடிக்கிற நரம்பை அடக்கும். கஞ்சாவுல உள்ள டிஎச்சி அந்த பிரேக்கைத் தினமும் மிதிச்சுக்கிட்டே இருக்கும். செல் சும்மா இருக்குமா? அரெஸ்டின்ங்கிற புரதம் வந்து ஒட்டி, ஏற்பியை உள்ளே இழுத்துடும். வெளியில ஏற்பி குறையக் குறைய, பழைய அளவு போதை பத்தாது.

இப்ப திடீர்னு நிறுத்தினா? பிரேக் தேஞ்ச வண்டி. முதல் வாரம்தான் மோசம். சுமார் 4 வாரத்துல ஏற்பிகள் பெரும்பாலும் பழைய நிலைக்கு வர்றதை ஸ்கேன்லயே பார்த்திருக்காங்க.

"மூலிகைதானே"ன்னு சொல்றவங்களை விட, இந்த 4 வாரத்துல "உருப்பட மாட்டே"ன்னு திட்டுற வீடுகள்தான் எனக்குக் கவலை. பையன் திரும்ப அங்கேதான் போவான். அரசு மருத்துவமனை மனநல ஓபிக்குக் கூட்டிட்டு வாங்க. 14416க்கு போன் பண்ணாலும் பேசலாம், இலவசம்தான்.