காலை எட்டரைக்கு ஒரு எண்

திருக்கடையூர்ல எந்தத் தெருமுனையில நின்னு பார்த்தாலும் தரை ஒரே மட்டம்தான். வயல், வாய்க்கால், தென்னை, கிழக்கே கொஞ்சம் போனா கடல். ஊர்ல உயரமானது எதுன்னு கேட்டா கோயில் கோபுரத்தைத்தான் கை காட்டணும். இப்படி ஒரு சமவெளியில பொறந்து வளர்ந்த நமக்கும் மலை உச்சி வானிலை நிலையத்துக்கும் என்ன சம்பந்தம்னு நீங்க கேட்கலாம். நம்ம தட்டுல இருக்குற சோறுதான் சம்பந்தம்.

டெல்டாவுக்கு மழை ரெண்டு வழியா வருது. ஒண்ணு, ஐப்பசி, கார்த்திகையில நம்ம தலைமேலயே கொட்டுற வடகிழக்குப் பருவமழை. இன்னொண்ணு, ஆனி, ஆடியில குடகு மலையில பெய்து, காவிரியா இறங்கி, மேட்டூர்ல தேங்கி, குறுவைக்கு வர்ற தண்ணி. ஜூன் 12 மேட்டூர் திறக்குமா திறக்காதாங்கிற பேச்சு டீக்கடை வரைக்கும் ஓடுதே, அதுக்கு விடை எங்கேயோ ஒரு மலைமேல இருக்கு. மேட்டூருக்குக் கீழே வந்து சேர்ற பவானியும் அமராவதியும்கூட மலைத் தண்ணிதான். 2019 ஆகஸ்டில் நீலகிரி அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 80 செ.மீ.க்கு மேல் மழை பதிவாச்சு. அந்தத் தண்ணி குந்தா வழியா பவானிக்கு, பவானி வழியா காவிரிக்கு.

அந்த 80 செ.மீ. எப்படித் தெரிஞ்சது? சாதாரண மழைமானி ரொம்ப எளிமையான பொருள். ஒரு புனல், கீழே ஒரு பாத்திரம். தினமும் காலை 8.30க்கு ஒருத்தர் போய்ச் சேர்ந்த தண்ணியை அளவுக் குவளையில ஊத்தி, கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவந்து படிச்சு எழுதணும். பேய்மழை நாள்ல பாத்திரம் நிரம்பி வழியறதுக்குள்ள இடையிலயே போய் அளந்து, கடைசியில எல்லாத்தையும் கூட்டணும். நாம போர்வைக்குள்ள இருந்து 'ரெட் அலர்ட்' ஸ்டேட்டஸ் போடுற நேரம், மலையில ஒருத்தர் குடையும் டார்ச்சுமா மழைமானிக்கிட்ட போயிட்டு இருப்பார்.

அந்த வேலை எப்படி இருக்கும்னு கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்க. வெள்ளை பெயின்ட் அடிச்ச, பக்கமெல்லாம் சட்டம் வெச்ச ஒரு மரப்பெட்டி. இதுக்கு ஸ்டீவன்சன் பெட்டின்னு பேரு. வெயில் உள்ளே விழாம இருக்க, நம்ம நாட்டுல கதவு வடக்கு பார்த்து இருக்கும். உள்ளே நாலு வெப்பமானி: உலர் குமிழ், ஈரக் குமிழ், அதிகபட்சம், குறைந்தபட்சம். கதவைத் திறந்ததும் வேகமாப் படிக்கணும், ஏன்னா நம்ம மூச்சும் உடம்புச் சூடுமே அளவை மாத்திடும். பத்தில் ஒரு பங்கு டிகிரி வரைக்கும் எழுதணும். ஈரக் குமிழ் மேல சுத்துன மஸ்லின் துணி அழுக்காகாம பார்த்துக்கணும். அப்புறம் வெளியே வந்து வானத்தை எட்டுப் பங்காப் பிரிச்சு, எத்தனை பங்கு மேகம்னு கண்ணாலயே சொல்லணும். எவ்வளவு தூரம் வரைக்கும் கண்ணுக்குத் தெரியுதுன்னு குறிக்கணும். மலையில மூடுபனி இறங்கிட்டா உலர் குமிழும் ஈரக் குமிழும் கிட்டத்தட்ட ஒரே எண் காட்டும், வானமே தெரியாது. அப்போ 'வானம் தெரியவில்லை' என்பதற்கே தனியா ஒரு குறியீடு உண்டு, அதைத்தான் எழுதணும். பெரிய நிலையங்கள்ல இது மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை. தீபாவளி, பொங்கல் லீவு கிடையாது.

நம்ம ஊர்ல சொல்லப்படுற அபிராமி பட்டர் கதை எல்லாருக்கும் தெரியும். தை அமாவாசை அன்னைக்கு மன்னர் திதி கேட்க, தியானத்துல இருந்த பட்டர் பௌர்ணமின்னு சொல்லிட, அம்பாள் தன் தோட்டை வீசி வானத்துல நிலவைக் காட்டினாள். பக்தனுக்கு அந்தச் சலுகை உண்டு. வானிலைப் பதிவேட்டுல எழுதுறவருக்குக் கிடையாது. பார்த்ததை எழுதலாம், பார்க்கத் தவறினா அந்தக் கட்டத்தைக் காலியா விடணும். நேத்து 14, நாளைக்கு 16, அதனால இன்னைக்கு 15ன்னு நிரப்பக் கூடாது. காலியான கட்டத்தை நாற்பது வருஷம் கழிச்சும் ஒருத்தர் சமாளிச்சிடுவார். பொய்யான 15 அவரை ஏமாத்திடும். லேப் ரெக்கார்டுல 'ரீடிங்' எப்படி நிரப்புறோம்னு தெரிஞ்ச நமக்கு இது கொஞ்சம் உறைக்கணும்.

நம்ம மாநிலத்துல இதுக்கு நல்ல சாட்சி கோடைக்கானல். 1876–78 தாது வருஷப் பஞ்சத்துல சென்னை மாகாணம் செத்து மடிஞ்சது. சூரியன்ல நடக்குற மாற்றத்துக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்கான்னு தேடணும்கிற எண்ணம் அதுக்கப்புறம் வலுத்தது. சென்னை வானாய்வகத்தோட வேலை மலையேறி, 1899ல் கோடைக்கானல் நிலையம் தொடங்கினதுக்கு அதுவும் ஒரு காரணம். கிட்டத்தட்ட 2,340 மீட்டர் உயரம். 1971 வரைக்கும் அது வானிலைத் துறையின் கீழ்தான் இருந்தது; பிறகு இந்திய வானியற்பியல் நிறுவனத்துக்குப் போச்சு. சூரியப் புள்ளியை எண்ணி மழையை முன்கூட்டியே சொல்ற வித்தை கைகூடல. ஆனா அங்கே 1909ல் எவர்ஷெட், சூரியப் புள்ளிகள்ல வாயு மையத்திலிருந்து வெளிப்பக்கமா ஓடுறதைக் கண்டுபிடிச்சார். அவர் பேர்லயே இன்னைக்கும் அது பாடப்புத்தகத்துல இருக்கு. 1904ல் இருந்து வெயில் தெரிஞ்ச நாள்லாம் எடுத்து வெச்ச சூரியப் படங்களை இப்போ டிஜிட்டலா மாத்தி, ஆராய்ச்சிக்கு எடுத்துக்கறாங்க. அன்னைக்கு பிளேட்டைக் கழுவினவருக்கு இது எதுக்குப் பயன்படும்னு தெரிஞ்சிருக்க வழியில்லை. தெரியாமலேயே ஒழுங்கா செஞ்சார்.

ஸ்காட்லாந்துல பென் நெவிஸ் மலை உச்சியிலயும் இதே கதை. 1883 முதல் 1904 வரை அங்கேயே தங்கி, ராத்திரி பகல் பாராம மணிக்கு ஒரு தடவை அளந்தாங்க. பனி வாசலை மூடிடும்கிறதால மேலே ஒரு கோபுரம் கட்டி அது வழியா வெளியே வந்தாங்க. பணம் இல்லாம நிலையத்தை மூடிட்டாங்க. 1894ல் அங்கே சில வாரம் வேலை பார்த்த சி.டி.ஆர். வில்சன், மேகத்துல ஒளி செய்யுற ஜாலத்தைப் பார்த்துட்டு வந்து, ஆய்வகத்துல மேகம் உண்டாக்க முயற்சி பண்ணி, மேக அறையைக் கண்டுபிடிச்சார், 1927ல் நோபல். அந்தப் பழைய கையெழுத்துப் பதிவேடுகளை 2017ல் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் இணையத்துல உட்கார்ந்து தட்டச்சு பண்ணினாங்க.

இப்போ நீங்க கேட்கப் போற கேள்வி எனக்குத் தெரியும். 'இதுக்கெல்லாம் எதுக்கு ஆள்? சென்சார் போட்டா முடிஞ்சது.' பாதி சரி. தானியங்கி நிலையம் வேணும், நிறைய வேணும். மனுஷன் தங்க முடியாத இடத்துல அது நிக்கும், நடுராத்திரியிலயும் தகவல் அனுப்பும். அதை எதிர்க்கிறவன் நான் இல்லை. ஆனா தானியங்கி மழைமானியோட உள்ளே இருக்குற சின்ன வாளி, மழை ரொம்ப வலுத்தா எண்ணிக்கையில பின்தங்கிடும். புனல்ல ஒரு இலை விழுந்து அடைச்சா 'மழை இல்லை'ன்னு சாதிக்கும். அது பொய் சொல்லுதுன்னு கண்டுபிடிக்கப் பக்கத்துல ஒரு ஆள், ஒரு சாதாரண மழைமானி, ஒரு நோட்டு வேணும். சென்சாரும் ஆளும் சேர்ந்தாத்தான் நிலையம்.

நம்ம பக்கத்து விஷயத்துக்கே வாங்க. 2022 நவம்பர் 12 காலை 8.30 வரைக்குமான 24 மணி நேரத்துல சீர்காழியில சுமார் 44 செ.மீ. மழை. அதே மாவட்டத்துல மத்த மழைமானிகள் ஒவ்வொண்ணும் வேற வேற எண் காட்டுச்சு. சம்பா முழுகினப்போ சீர்காழி, தரங்கம்பாடி வட்டங்களுக்குக் குடும்ப அட்டைக்கு ஆயிரம் ரூபாய் நிவாரணம் அறிவிச்சாங்க. ஒரு ஊர்ல கொட்டும், பத்து கிலோமீட்டர் தள்ளி தூறும். அளவே இல்லாத ஊர்க்காரர் 'எங்க ஊர்லயும் அப்படித்தான் பெய்தது'ன்னு எதை வெச்சு நிரூபிப்பார்? அழிஞ்ச பயிர் அடுத்த வாரம் அழுகிடும். எழுதி வெச்ச எண்தான் நிக்கும்.

மலை இல்லாத ஊர் மேல்காற்றை எப்படி அளக்கும்னு பாருங்க. நமக்குத் தெற்கே காரைக்கால்ல வானிலைத் துறை, கருவி கட்டின பலூனை விடியற்காலையிலும் சாயங்காலமும் பறக்க விடுது. உலகம் முழுக்க அதே நேரத்துல பலூன்கள் கிளம்பும். ரேடாரும் அங்கே இருக்கு. சமவெளிக்காரன் தனக்குத்தானே தினமும் ரெண்டு தடவை கட்டிக்கிற மலை அது. ஆனா தரையில விழுந்த மழையை அந்த பலூன் அளக்காது. அதை நாமதான் அளக்கணும்.

அதனால ஒரு யோசனை. நம்ம மாதிரி கல்லூரிகள்ல வருஷா வருஷம் ஃபைனல் இயர்ல குறைஞ்சது ஒரு டீமாவது 'ஐஓடி வெதர் ஸ்டேஷன்' செய்யுது. வைவா வரைக்கும் பளபளன்னு ஓடும். அப்புறம் லேப் அலமாரியில தூங்கும். அடுத்த வருஷம் இன்னொரு டீம் முதல்ல இருந்து செய்யும். இதை நிறுத்திட்டு, ஒரே நிலையத்தை ஒரே இடத்துல வெப்போம். மரமும் சுவரும் தள்ளி இருக்குற திறந்த இடம், ஒரு சாதாரண மழைமானி, ஒரு ஸ்டீவன்சன் பெட்டி, பக்கத்துலயே சீனியர் செஞ்ச சென்சார். தினமும் 8.30க்கு முறை வெச்சு ஒருத்தர் படிக்கட்டும். செமஸ்டர் லீவுல விடுதியில இருக்குறவங்களோ உள்ளூர்ப் பசங்களோ பார்த்துக்கட்டும். தவறினா காலியா விடுங்க. வருஷக் கடைசியில ரெண்டு எண்களையும் ஒப்பிட்டு, சென்சார் எங்கே ஏமாத்துதுன்னு எழுதினா அதுவே ஒரு நல்ல ப்ராஜெக்ட். அடுத்த பேட்ச் அதுக்கு மேல கட்டலாம்.

இதுல பெரிய பேர் கிடைக்காது, ரெஸ்யூம்ல ஒரு வரிதான் வரும். ஆனா பத்து வருஷம் விடாம எழுதினா, திருக்கடையூர் பக்கம் எந்த நாள் எவ்வளவு பெய்ததுன்னு கேட்குற விவசாயிக்கு நம்ம கல்லூரி ஒரு பதில் சொல்ல முடியும். வர்ற ஐப்பசிக்கு முன்னாடி மழைமானி வாங்கிடலாம். முறை வைக்க ஏழு பேர் போதும், வாரத்துல ஆளுக்கு ஒரு நாள்.