சாம்பலுக்குள் ஒரு சக்தி

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவின் ருசிக்குப் பாலும் சர்க்கரையும் மட்டும் காரணமல்ல, அடுப்பும் காரணம் என்பார்கள் தொழிலில் பழகியவர்கள். புளிய விறகின் தணல் வேறு, மற்ற விறகின் தணல் வேறு என்பது அவர்கள் அனுபவம். இதற்கு மரத்தின் வைரமும் ஈரமும் முக்கியக் காரணங்கள். மற்றொன்றும் உண்டு. அடுப்பு அணைந்தபின் அள்ளிக் கொட்டப்படும் சாம்பலில் அது இருக்கிறது.

பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம் முதலிய தாது உப்புகளை மரம் மண்ணிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. கட்டையில் இவை பெரும்பாலும் நூற்றுக்கு ஒரு பங்கு அளவே, பட்டையில் அதிகம். ஆனாலும் மரம் சூடேறும்போது அது கரியாகுமா, எண்ணெயாகுமா, வாயுவாகுமா என்பதில் இந்தச் சொற்ப உப்புகளுக்குப் பெரும் பங்கு உண்டு. விஞ்ஞானிகள் இவற்றைக் கிரியா ஊக்கிகள் என்கிறார்கள். 1835-ல் சுவீடன் நாட்டு ரசாயன நிபுணர் பெர்சீலியஸ் இத்தகைய பொருள்களுக்குப் பெயர் சூட்டினார். கல்யாணத் தரகர் இரு வீட்டாரைச் சேர்த்துவைத்துவிட்டுத் தாம் தனியாகவே திரும்புகிறார் அல்லவா? கிரியா ஊக்கியின் வேலையும் அத்தகையதே.

காற்றுப் படாமல் மரத்தைச் சுமார் 500 டிகிரி சென்டிகிரேடுக்கு வெகு வேகமாகச் சூடாக்கி, எழும் ஆவியை உடனே குளிரவைத்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் எண்ணெயாக வடியும். பொட்டாசியம் மிகுந்தால் எண்ணெய் குறைந்து, கரியும் நீரும் வாயுவும் கூடும். மரத்தூளை நீர்த்த அமிலத்தில் கழுவி உப்பை நீக்கினால் எண்ணெய் மறுபடி கூடும். எனவே எந்தப் பொருள் வேண்டுமென்று முடிவு செய்தபின்தான் உப்பு நண்பனா, பகைவனா என்று சொல்ல முடியும்.

இந்த விஷயம் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துக்கு வெறும் பாடமல்ல. விருதுநகர் மாவட்டத்தின் வறண்ட பகுதிகளில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரி சுடுவது பல ஏழைக் குடும்பங்களின் ஜீவனம். மூட்டத்தில் அடுக்கிய விறகின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே கரியாகக் கிடைக்கும். எஞ்சியவற்றில் பெரும்பகுதி புகையாகிக் காற்றில் போகிறது. அந்தப் புகையைச் சுவாசிப்பவர்களும் அவர்களே.

புகையைப் பிடித்துப் பயன்படுத்துவது புதிதன்று. மைசூர் சமஸ்தானத்துப் பத்ராவதியில் 1923-ல் ஓடத் தொடங்கிய இரும்பாலையில், கரி சுடும் புகையிலிருந்து மரச் சாராயமும் காடிச் சத்தும் கீலும் எடுத்தார்கள். இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் பெட்ரோல் பஞ்சம் வந்தபோது தமிழ்நாட்டுச் சாலைகளில் பஸ்கள் கரி வாயுவில் ஓடின. விறகுக்குப் பதில் கரியையே விரும்பியதற்குக் காரணம் உண்டு. விறகின் கீல் எஞ்சினை அடைத்துவிடும்.

அந்தக் கீலை உடைக்கச் சுட்ட சுண்ணாம்புக்கல்லும் டாலமைட்டும் உதவும். 800, 900 டிகிரி உஷ்ணத்தில் கீல் ஆவி அவற்றின்மேல் படிந்து எரியக்கூடிய வாயுவாகிறது. ஆஸ்திரியாவின் கூசிங் நகரில் 2001-ல் அமைந்த ஆலை இதற்கு ஆலிவின் என்ற கனிமத்தைக் கையாண்டது. சியோலைட் என்னும் கனிமம் இன்னும் திறமையானது. பெட்ரோலைப் போன்ற திரவங்களையே தரும். ஆனால் விரைவில் அதன்மேல் கரி படிந்துவிடும். விறகின் சாம்பலும் அதைக் கெடுத்துவிடும்.

சுண்ணாம்புக்கல்லுக்கு இந்த மாவட்டம் வெளியே கையேந்த வேண்டியதில்லை. ராஜபாளையத்தில் 1936-ல் பஞ்சாலை தொடங்கிய பி.ஏ.சி. ராமசாமி ராஜாவின் முயற்சியால் 1960-களின் தொடக்கத்தில் விருதுநகர் அருகே சிமெண்டு ஆலை எழுந்தது இந்தக் கல்லை நம்பித்தான். முள்மரம் இருக்கிறது, கல் இருக்கிறது, நீராவியும் மின்சாரமும் வேண்டும் ஆலைகள் இருக்கின்றன, ராஜபாளையத்திலும் கிருஷ்ணன்கோவிலிலும் என்ஜினீயரிங் படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். இவர்களை ஒன்றுசேர்க்க ஒரு தரகர்தான் தேவை. அந்த வேலையைச் சர்க்கார் ஏற்க வேண்டும்.

மூன்று எச்சரிக்கைகள் அவசியம். எண்ணெய்க்காகச் சீமைக் கருவேலத்தைப் புதிதாக வளர்க்கக் கூடாது. அதை ஒழிப்பதே நோக்கம். மேற்கே மலைக் காட்டின்மேல் கோடரி விழக் கூடாது. அங்கே 1988 முதல் சாம்பல் நிற அணிலுக்குச் சரணாலயம் உண்டு. 2021 முதல் அது புலிகள் காப்பகமும் ஆகும். எல்லாவற்றுக்கும் மேலாக, மூட்டம் போடும் தொழிலாளியை விலக்கிவிட்டு இயந்திரம் வரக் கூடாது. அவர் கண்ணுக்கு நல்ல விறகு தெரியும். மூட்டத்தை எப்போது மூட வேண்டும் என்பதும் தெரியும். புகையில் போகும் பணத்தில் ஒரு பங்கு அவர் வீட்டுக்குப் போனால்தான் விஞ்ஞானம் அங்கே வந்து சேர்ந்ததாகக் கொள்ளலாம்.