கேட்டதும் எழுதித் தரும் கருவி

சென்ற இதழில், வங்கிக் கணக்கிற்கு நியமனதாரரைக் குறிப்பிடும் முறை பற்றி எழுதியிருந்தேன். அதன் பின் வந்த கடிதங்களில் மூன்று ஒரே வினாவை எழுப்புகின்றன. “பிள்ளைகள் கைப்பேசியில் ஏதோ ஒன்றிடம் பேசுகிறார்கள், அது பதில் சொல்கிறது. அதனால் எங்களைப் போன்ற வீட்டுப் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் பயன் ஏதேனும் உண்டா?” என்பது அவ்வினா. மாதுங்காவிலிருந்து எழுதிய அன்பர் ஒருவர், “அதைத் தொட்டால் பணம் போய்விடும் என்கிறார்களே, மெய்யா?” என்றும் கேட்டிருக்கிறார். இம்மாதம் இதனையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் அச்சத்தைப் போக்கிவிடுகிறேன். சாட்ஜிபிடி என்னும் கருவி 2022ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. கூகுள் நிறுவனத்தின் ஜெமினி செயலி 2024 ஜூன் மாதம் இந்தியாவுக்கு வந்தபோதே தமிழ், மராத்தி உள்ளிட்ட ஒன்பது இந்திய மொழிகளை ஏற்றுக்கொண்டது. அதே மாதத்தில் வாட்ஸப்பிலும் மெட்டா ஏ.ஐ. என்ற நீல வளையம் தோன்றியது. இம்மூன்றையும் காசு கொடாமலே ஓரளவு பயன்படுத்தலாம். சந்தா கட்டச் சொல்லி அவ்வப்போது கேட்கும். வேண்டாம் என்று விலக்கிவிட்டு மேலே செல்லலாம். ஆனால் இவற்றின் பெயரைச் சற்றே மாற்றி வைத்துக்கொண்டு பணம் பறிக்கும் போலிச் செயலிகளும் உண்டு. ஆகையால் முதன்முறை அதனைக் கைப்பேசியில் இறக்கும்போது விவரம் அறிந்த பிள்ளை ஒருவரை அருகில் இருத்திக்கொள்க.

தமிழில் தட்டச்சுச் செய்ய வராதே என்று தயங்க வேண்டியதில்லை. எழுத்துப் பலகையில் ஒலிவாங்கிப் படம் ஒன்று இருக்கும். மொழியைத் தமிழ் என்று அமைத்துக்கொண்டு அதனைத் தொட்டுப் பேசினால், பேசியது எழுத்தாக விழும். நெல்லைப் பேச்சில் சொன்னால் சில சொற்களைப் பிறழ எழுதும். அனுப்புமுன் ஒருமுறை படித்துப் பார்த்தால் போதும்.

இனி, இக்கருவி எவ்வாறு பதில் சொல்கிறது என்பதைச் சிறிது விளக்க வேண்டும். இதனை அறியாமல் பயன்படுத்துவோர்தாம் ஏமாறுகின்றனர். நான் பணிபுரியும் நிலையத்தில் நாள் முழுதும் ஒலிபெருக்கி அறிவிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறது. “பயணிகளின் கவனத்திற்கு” என்று தொடங்கினால் அடுத்து “வண்டி எண்” என்று வரும், அதன் பின் ஐந்து இலக்கங்கள் வரும், பின்னர் ஊர்ப்பெயர்கள் வரும் என்பது எங்களுக்கு மனப்பாடம். அறிவிப்பாளர் இல்லாத நேரத்தில் என்னை அங்கே நிறுத்தினால், தடையின்றி அதே நடையில் முழங்கிவிடுவேன். ஆனால் அன்று வரும் வண்டியின் எண் எனக்குத் தெரியாதிருந்தால்? எண் வரவேண்டிய இடத்தில் ஏதோ ஓர் எண்ணைச் சொல்லியாக வேண்டும். கேட்பவருக்கு நடையில் ஐயம் தோன்றாது.

இக்கருவியும் அத்தகையதே. எண்ணிலடங்கா நூல்களையும் பக்கங்களையும் படித்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்பதை அது பழகியிருக்கிறது. கடிதம், விண்ணப்பம், விளக்கம் ஆகியவற்றை அழகாகக் கோத்துத் தருவதற்கு அப்பழக்கம் போதும். தேதி, கட்டணம், விதி எண் முதலியவற்றில்தான் அது தடுமாறுகிறது. இப்போது வலைத்தளங்களைத் தேடிப் பார்த்தும் விடை தருகிறது என்றாலும், எப்போது தேடிற்று, எப்போது பழக்கத்தால் சொல்லிற்று என்பதை நாம்தான் கவனித்தாக வேண்டும். தமிழைவிட ஆங்கிலத்தை அது மிகுதியாகப் படித்திருப்பதால், தமிழில் பிழை சற்றுக் கூடுதல்.

எங்கள் துறையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். இரயிலில் முன்பதிவு செய்யும் காலம் முன்பு 120 நாளாக இருந்தது. 2024 நவம்பர் 1ஆம் நாள் முதல், பயண நாளை நீக்கி 60 நாள் என்று குறைக்கப்பட்டது. இவ்வினாவைக் கருவியிடம் சென்ற ஆண்டு நானே கேட்டுப் பார்த்தேன். ஒருமுறை 60 என்றது, மறுமுறை 120 என்றது. இரண்டு தடவையும் குரலில் ஐயமே இல்லை. பொங்கலுக்கு ஊர் செல்லும் நம் குடும்பங்களுக்கு இது விளையாட்டன்று. ஜனவரி 12இல் தாதரில் திருநெல்வேலி வண்டி ஏற வேண்டுமாயின், நவம்பர் 13 காலையிலேயே பதிவு செய்தாக வேண்டும். ஒரு நாள் தவறினாலும் காத்திருப்போர் பட்டியல்தான். ஆகவே இரயில் பற்றிய செய்திகளை இரயில்வேயிடமே கேளுங்கள். 139 என்ற எண் இருக்கிறது. ஐ.ஆர்.சி.டி.சி. தளத்திலும் ஆஸ்க் திஷா என்னும் உரையாடு கருவி 2018 அக்டோபர் முதல் இருந்து வருகிறது. டிக்கெட் நிலைமையை அறிய அதுவே உரியது. பொதுக் கருவிக்கு நம் பி.என்.ஆர். எண்ணைப் பற்றி எதுவும் தெரியாது.

நிற்க. பயன் யாது என்பதற்கு வருவோம்.

பிற மாநிலத்தில் குடியிருக்கும் நமக்கு இக்கருவி செய்யும் பேருதவி மொழிபெயர்ப்பே. மின்வாரியத்துத் தாள், பள்ளிச் சுற்றறிக்கை, குடியிருப்புச் சங்கத்தின் அறிவிப்பு யாவும் மராத்தியில் வருகின்றன. இருபது ஆண்டுகள் இங்கு வாழ்ந்தும் காய்கறி வாங்கும் அளவுக்கே மராத்தி அறிந்தவர்கள் நம்மில் பலர். தாளைப் படம் பிடித்து அனுப்பி, “இதிலுள்ளதைத் தமிழில் சொல். நான் செய்யவேண்டியது என்ன, எந்தத் தேதிக்குள் என்பதைத் தனியாக எழுது” என்று கேட்டால் அரை நிமிடத்தில் விடை வருகிறது.

எங்கள் சாலில் கோடி வீட்டில் ஓர் ஆச்சி இருக்கிறார். கணவர் காலமாகிவிட்டார், மகன் வளைகுடாவில். மழைக்காலம் முடிந்த பின் ஒருநாள் மாலை ஒரு மராத்தித் தாளை எடுத்துக்கொண்டு வந்தார். “தம்பி, வீட்டைப் பத்தி ஏதோ வந்திருக்கு. பயமா இருக்கு, கொஞ்சம் பாருங்க” என்றார். வீட்டுரிமை பற்றி ஓர் அலுவலகம் அனுப்பிய அறிவிப்பு அது. அச்சிட்ட படிவம், இடையிடையே கையால் எழுதி நிரப்பியது. படம் பிடித்து அனுப்பினேன். அசல் ஆவணங்களுடன் 19ஆம் தேதி செவ்வாய்க்கிழமை நேரில் வரவேண்டும், வராவிடில் கையிலுள்ள விவரங்களைக் கொண்டே முடிவெடுக்கப்படும் என்று தெளிவான தமிழில் வந்தது. ஆச்சிக்கு மனம் ஆறுதலடைந்தது. இன்னும் இரண்டு வாரம் இருக்கிறதே என்று எழுந்தார்.

எனக்கு மட்டும் என்னவோ உறுத்திற்று. சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தேன். 19ஆம் தேதி புதன்கிழமை. செவ்வாய் என்றால் 18 ஆகவோ 11 ஆகவோ இருக்க வேண்டும். எதிர் வீட்டுச் சிறுமியை அழைத்தோம். ஏழாம் வகுப்பு, பள்ளியில் மராத்தி படிக்கிறாள். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “மாமா, இது பதினொன்று” என்றாள். தேவநாகரியில் ஒன்றும் ஒன்பதும் பார்வைக்கு நெருங்கியவை. எழுதியவரின் பேனா சற்று வளைந்திருக்கிறது, கருவி ஒன்றை ஒன்பதாகப் படித்துவிட்டது. மறுபடியும் கருவியிடம், “கிழமை செவ்வாய் என்றால் தேதி எது?” என்று கேட்டேன். உடனே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு 11 என்று மாற்றிக்கொண்டது. மன்னிப்புக் கேட்பதில் அதற்கு இணை அதுவே.

11ஆம் தேதிக்கு ஆறு நாள்தான் இருந்தது. அதற்குள் வேலைகளை முடிப்பதற்கும் அதே கருவிதான் உதவிற்று என்பதையும் சொல்ல வேண்டும். கணவர் பெயரிலிருந்த தாள்களைத் தம் பெயரில் கருதுமாறு கேட்கும் விண்ணப்பத்தை மராத்தியில் எழுதித் தந்தது. அதனைச் சிறுமியின் பள்ளி ஆசிரியை ஒருவர் படித்து இரண்டு சொற்களைத் திருத்தினார். ஆச்சி குறித்த நாளில் சென்று, தாள்களைக் கொடுத்து, முத்திரையிட்ட ஒப்புகைச் சீட்டுடன் திரும்பினார்.

இதிலிருந்து இரண்டு பழக்கங்களை நான் மேற்கொண்டிருக்கிறேன். தேதி வரும் இடத்தில் கிழமையையும் கேட்டு நாட்காட்டியோடு ஒப்பிடுகிறேன். “தாளில் உனக்குத் தெளிவாகத் தெரியாத எழுத்துகள் எவை? ஊகித்து எழுதாதே” என்றும் சேர்த்துக் கேட்கிறேன். பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறது.

விண்ணப்பங்கள் எழுதுவதில், கேட்கும் முறையில்தான் யாவும் இருக்கிறது. “விடுப்புக் கடிதம் எழுது” என்று மட்டும் சொன்னால் யாருக்கும் பொருந்தாத நீண்ட கடிதம் வரும். “என் மகன் ஆறாம் வகுப்பு. பாட்டி உடல்நலமின்றி இருப்பதால் மூன்று நாள் ஊருக்குச் செல்கிறோம். வகுப்பாசிரியைக்கு எளிய ஆங்கிலத்தில் எட்டு வரிக்குள் எழுது” என்றால் கையெழுத்திட்டு அனுப்பத்தக்கதாக வருகிறது. பிடிக்காவிட்டால் “இன்னும் பணிவாக”, “இன்னும் சுருக்கமாக” என்று திருப்பித் திருப்பிச் சொல்லலாம். எத்தனை முறை கேட்டாலும் முகம் சுளிப்பதில்லை. இக்குணம் மட்டும் எங்கள் அலுவலகங்களில் சிலருக்கு வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

ஆனால் துக்கம் விசாரிக்கும் கடிதத்தை இதனிடம் கேளாதீர்கள். பெரியப்பா மறைந்தபோது, பெரியம்மாவுக்கு எழுதச் சொற்கள் அமையாமல் ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். நகராட்சித் தீர்மானம் போல் ஒன்று வந்தது. அதனை அழித்துவிட்டு நாலு வரி நானே எழுதினேன்.

பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கவும் இது ஓரளவு துணை செய்யும். இங்கே பிறந்த குழந்தைகள் பேசுகிறார்கள், படிக்கத் திணறுகிறார்கள். “சிறு சொற்களால் பத்து வரியில், கடற்கரைக்குப் போன சிறுவன் கதை” என்று கேட்டால் நாள்தோறும் புதிய பாடம் கிடைக்கும். விடுகதைகள் கேட்டால் பாதி உப்புச் சப்பற்றவை. திருக்குறள் மட்டும் வேண்டவே வேண்டாம். வள்ளுவர் 1330 குறளோடு நிறுத்திக்கொண்டார், இது நிறுத்துவதில்லை. தானே ஒன்றைக் கட்டி, எண்ணும் இட்டுத் தந்துவிடும். குறளுக்கு நம் சங்க நூலகத்தில் நூல் இருக்கிறது.

மருத்துவமனைத் தாள்களைப் பற்றியும் ஒரு கடிதத்தில் கேட்டிருந்தார்கள். சொற்களின் பொருளைத் தெரிந்துகொள்ளக் கேட்கலாம். உதாரணமாக, இரத்தப் பரிசோதனையில் ஹெச்.பி.ஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி நிலையைக் காட்டுவது என்று விளக்கும். டாக்டரிடம் என்னென்ன கேட்கவேண்டும் என்று பட்டியலும் எழுதித் தரும். மாத்திரையைக் கூட்டலாமா, நிறுத்தலாமா என்பதை மட்டும் டாக்டரைத் தவிர எவரிடமும் கேட்கலாகாது.

இறுதியாக, அதனிடம் எதைக் காட்டலாகாது என்பது. ஆதாரின் பன்னிரண்டு இலக்கங்கள், பான் எண், வங்கிக் கணக்கு எண், கடவுச்சொல், கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி., இவை எதுவும் அதற்குத் தேவையில்லை. தாளைப் படம் பிடிக்குமுன் அவ்வெண்களின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து மறைத்துவிடுக. விண்ணப்பத்தில் எண் வரவேண்டிய இடத்தை வெற்றாக விடச் சொல்லிப் பின்னர் கையால் நிரப்பிக்கொள்க. அண்டை வீட்டாரின் குடும்பச் செய்திகளையும் எழுத வேண்டாம். நாம் எழுதுவது நம் கைப்பேசியோடு நிற்பதன்று, அந்நிறுவனத்தின் கணினிகளுக்குச் செல்கிறது.

நேரில் செய்து பார்க்க விரும்புவோர், வரும் இரண்டாம் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குச் சங்க நூலகத்திற்குக் கைப்பேசியுடன் வரலாம். புரியாத மராத்தித் தாள் ஏதேனும் வீட்டில் இருந்தால் அதனையும் எடுத்து வருக. சிறுமியையும் அழைத்து வருகிறேன்.