வீட்டுப் பலகாரத்துக்கு நிறக்குறி இல்லை

இலங்கையில் 100 கிராமில் 22 கிராமுக்கு மேல் சீனி கொண்ட திண்ம உணவுப் பொதிகளில் சிவப்பு வட்டம் இடப்படவேண்டும் என்பது 2019 முதல் விதி. அண்மையில் எம் வீட்டில் ஓட்ஸ் துண்டுகள் வெதுப்பினோம்: ஓட்ஸ் 200 கிராம், வெண்ணெய் 100, சீனி 150. கணக்கிட்டுப் பார்த்தேன்; மூன்றிலொரு பங்கு சீனி! கடைப்பொருளாயின் சிவப்பு வட்டம் தப்பாது. ‘வீட்டில் செய்தது’ என்ற பெருமை எம் கண்ணை மறைத்துவிட்டது.

மறுவாரம் சீனியை விலக்கி, கனிந்த வாழைப்பழம் இரண்டு, பேரீச்சம்பழம் 50 கிராம், வறுத்த கச்சான் ஒரு பிடி சேர்த்து, 180 பாகை செல்சியசில் 25 நிமிடம் வெதுப்பினோம். பழங்களின் இனிப்பைச் சேர்த்து எண்ணினாலும் சீனி பாதிக்கும் கீழே இறங்கியது. மொறுமொறுப்புக் குறைவுதான், ஆயினும் தட்டில் எதுவும் மிஞ்சவில்லை.

காலை உணவென்று பிள்ளைகளிடம் நீட்டுமுன், ஒருமுறை தராசில் நிறுத்துப் பாருங்கள்.