மனதை மாற்றும் மூலிகையும் மருந்துதான்

மன அழுத்தம் குறையவும் தூக்கம் வரவும் விற்கப்படும் அமுக்கரா, பிரம்மி மாத்திரைகளோடு கூடவே வரும் வாக்குறுதி, 'பக்கவிளைவு கிடையாது' என்பது. அதை நாம் நம்பக் கூடாது. மூளையின் வேதியியலை மாற்றும் அளவுக்கு ஒரு செடிக்கு வலு இருந்தால், வேண்டாததைச் செய்யவும் வலு இருக்கும். சர்ப்பகந்தா வேரை எடுத்துக்கொள்வோம். மனநோய்க்கு இந்தியாவில் நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்ட அந்த வேரைப் பற்றி 1931இல் மருத்துவர்கள் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் எழுதினார்கள். 1952இல் அதிலிருந்து ரெசர்பைன் என்ற வேதிப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. ரத்த அழுத்தத்தையும் மனக்கொந்தளிப்பையும் அது தணித்தது உண்மை. ஆனால், நரம்புச் செல்கள் சேர்த்து வைத்திருக்கும் செரடோனினையும் டோபமைனையும் வற்றச் செய்துதான் தணித்தது. உட்கொண்டவர்களில் சிலர் கடும் மனச்சோர்வில் விழுந்ததாக 1950களில் மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள். அதற்கு ரெசர்பைன்தான் காரணமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. நடுக்கம், தசை இறுக்கம் போன்ற பார்க்கின்சன் குறிகளை அது உண்டாக்கும் என்பதிலோ விவாதமே இல்லை.

மூலிகையால் பயனில்லை என்று சொல்லவரவில்லை. ஐரோப்பாவின் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் செடி பற்றிய 29 ஆய்வுகளை 2008இல் தொகுத்துப் பார்த்தபோது, மனச்சோர்வுக்கு அது வெற்று மாத்திரையைவிட நன்றாகவும் வழக்கமான மருந்துகளுக்கு ஈடாகவும் வேலைசெய்தது தெரிந்தது. அதே செடி கல்லீரல் நொதிகளைத் தூண்டி, கருத்தடை மாத்திரையையும் மாற்று உறுப்பைக் காக்கும் சைக்ளோஸ்போரினையும் உடலிலிருந்து வேகமாக வெளியேற்றிவிடுகிறது. மனச்சோர்வு மாத்திரைகளோடு சேர்த்து விழுங்கினால் செரடோனின் அளவுமீறி உயிருக்கே ஆபத்தாகலாம்.

பல தலைமுறைகளாகச் சாப்பிட்டோமே, யாருக்கு என்ன ஆனது என்று கேட்பார்கள். அன்று வைத்தியர் நாடி பார்த்து, அளவும் பத்தியமும் சொல்லிக் கொடுத்தார். இன்று செறிவூட்டிய சாறு மாத்திரையாகி, கேட்பாரின்றி வீடு தேடி வருகிறது. அதை உண்பவர் ஏற்கெனவே சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து எடுப்பவராக இருக்கலாம். அமுக்கராவால் கல்லீரல் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. மனநல மருத்துவர் எட்டாத ஊர்களில் மூலிகைதானே துணை என்ற வாதம் எனக்கும் வலிக்கிறது. ஆனால் எட்டாத இடத்தில்தான் தவறு நேர்ந்தால் காப்பாற்றவும் ஆளில்லை. எந்த மருந்தோடு சேரக் கூடாது என்பது ஒவ்வொரு புட்டியிலும் தமிழில் அச்சாக வேண்டும். மருத்துவர்களும் மூலிகை சாப்பிடுகிறீர்களா என்று நோயாளியைக் கடிந்துகொள்ளாமல் கேட்க வேண்டும்; திட்டுவார்கள் என்ற பயத்தில்தான் பலர் அதை மறைக்கிறார்கள்.