வெண்டிரையில் நம்மவர் வாய்மொழி

சென்ற தவணை விடுமுறையில் நாம் ஏட்டைத் திறந்ததிலும் தொலைக்காட்சிப் பெட்டியைத் திறந்ததே மிகுதி. இதனை ஒப்புக்கொள்ளத் தமிழாசிரியன் ஒருவனுக்குச் சிறிது நாணம் உண்டு. ஆயினும், வீட்டிலுள்ளோர் விரும்பிக் காண்பனவற்றை அருகிருந்து தானும் காணாது, பின் வகுப்பறையிற் சென்று சினிமாத் தமிழைக் கெடுக்கின்றது எனப் பொதுப்படக் கூறுதல் நேர்மையாகாது. கண்டபின் கூறுதலே முறை. ஆதலின் கண்டோம், எமக்குத் தோன்றியவற்றை இவ்வாரம் வாசகர் முன் வைக்கின்றோம்.

முதலிற் கண்டவை சரித்திரப் படங்கள். கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய 'பொன்னியின் செல்வன்' கதையை மணிரத்தினம் 2022இலும் 2023இலும் இரு பாகங்களாகப் படமாக்கினார். அதில் உரையாடல் ஓரளவு செம்மையாகவே நடக்கின்றது. குந்தவையார் ஆங்கிலங் கலந்து பேசாத அளவில் நாம் மகிழ்ந்தோம். 2023இல் தரணி ராசேந்திரன் இயக்கிய 'யாத்திசை' இதனினும் துணிந்தது. அதிலே எயினர் குடியினர் பண்டைத் தமிழிற் பேசுவர். இக்காலத் தமிழ் திரையின் அடியில் எழுத்தாக ஓடும். தமிழ்ப் படத்திற்குத் தமிழிலேயே உரை! பண்டிதர்களுக்கு இதைவிட வேறு விருந்து யாது? படத்தின் குறைகள் பலவாயினும் அவற்றை ஈண்டு எடுத்துரையாமைக்கு இவ்விருந்தே காரணம். பழந்தமிழ் பேச முயல்வோரிடம் எமக்கு வழக்கில்லை. எமது வழக்கு, இன்று உயிரோடிருந்து பேசப்படும் ஒரு தமிழை வெண்டிரை எவ்வாறு நடத்துகின்றது என்பது பற்றியது.

எமது இல்லத்திலே மாலை முதல் இரவு வரை சென்னைத் தொடர்கள் ஓடும். அவற்றின் கதைகளைப் பற்றிக் கூற எமக்கு அதிகமில்லை. மாமியார் ஓராண்டு காலம் மருமகளுக்குக் கேடு சூழ்வாள். அடுத்த ஆண்டில் இருவரும் ஒன்றுகூடி மூன்றாமவள் ஒருத்திக்குக் கேடு சூழ்வர். இது போகட்டும். ஐந்து வயதுப் பேர்த்தி ஒருத்தி எமக்கு உண்டு. மகளின் மகளாதலின் எம்மை 'அம்மப்பா' என்று அழைத்து வந்தாள். சென்ற மாதத்தில் ஒருநாள் 'தாத்தா' என்றாள். 'ஓம்' என்றிருந்த வாய் 'ஆமா' என்றது. தாத்தா என்பதும் தமிழே; அதிற் குற்றமில்லை. ஆனால் அம்மப்பா, அப்பப்பா என்னும்போது உறவு எவ்வழி வந்தது என்பது சொல்லிலேயே விளங்கும். தாத்தா என்னும்போது அது மறைந்துவிடுகின்றது. குழந்தை அறிந்தா மாற்றினாள்? நான்கு மணிநேரம் கேட்ட மொழி ஒருபுறமும் நாம் பேசும் சில நிமிட மொழி மறுபுறமுமாக நின்றால் எது வெல்லும் என்பதைக் கூற இலக்கண நூல் வேண்டியதில்லை.

இந்த மனநிலையில் இருந்தபோதுதான், 2025 மே மாதத்தில் வெளிவந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி' என்னும் படத்தைக் கண்டோம். (தமிழ்ப் படத்திற்கு இப்பெயர் ஏன் என வினவுவதை நாம் எப்போதோ கைவிட்டுவிட்டோம்.) அபிஷன் ஜீவிந்த் என்னும் இளைஞரின் முதற்படம். இலங்கையின் பொருளாதார நெருக்கடியாற் கடல்கடந்து இராமேசுவரம் சேரும் ஒரு குடும்பம் சென்னையிலே ஒரு குடியிருப்பில் மறைந்து வாழ முயலுகின்றது. தந்தையாகச் சசிகுமாரும் தாயாகச் சிம்ரனும் நடிக்கின்றனர். முன்னரே அங்குச் சென்றுவிட்ட தாயின் தமையன் அவர்களுக்கு இடும் முதற் கட்டளை, அயலாரோடு பேசாதீர்கள் என்பது. பேசினால் ஊர் தெரிந்துவிடும். தமிழர் நாட்டிலே தமிழர் தமது தமிழை மறைத்துக்கொண்டு, கேரளத்தார் என்று சொல்லித் திரிய வேண்டியிருக்கின்றது.

சிரிப்புக்காக அமைக்கப்பெற்ற நிலைமைதான், நாமும் சிரித்தோம். எம்மோடிருந்து பார்த்த சக ஆசிரியர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் 1990இற் பதினான்கு வயதுச் சிறுவனாக மன்னார்க் கரையிலிருந்து படகேறி மண்டபம் முகாமிற் சேர்ந்தவர். போர்நிறுத்தக் காலத்தில் ஊர் திரும்பியவர். 1991 மே மாதம் இராசீவ் காந்தி கொலையுண்டபின் அங்கே ஈழத்தவர் வாய் திறத்தல் எத்தகையதாயிற்று என்பதை அவர் அறிவார். கடைக்குச் சென்றாற் பொருளின் பெயரைச் சொல்லாது விரலாற் சுட்டிக் காட்டிக் காசைக் கொடுத்துவிட்டு வருவாராம். ஊமைப் பையன் என்றே கடைக்காரர் எண்ணியிருந்தாராம். படம் முடிந்தபின் எப்படி என்று கேட்டோம். "ஐயா, படம் நல்லதோ கூடாதோ எண்டு எனக்குச் சொல்லத் தெரியேல்லை. அந்தப் பெடியன் வாய் திறக்கிற நேரமெல்லாம் எனக்கு நெஞ்சு இடிச்சுக்கொண்டிருந்தது. ஆரும் கேட்டிடுவாங்கள் எண்டு" என்றார்.

ஒரு படம் இதனைச் செய்யுமாயின் அதனை எளிதிற் தள்ளிவிட முடியாது. ஈற்றிற் காவற்றுறையினர் தேடி வரும்போது அக்குடியிருப்பினர் யாவரும் ஈழத்தவர்போலப் பேசத் தொடங்குவதாக முடித்திருக்கின்றார் இயக்குநர். அஃது உலகில் நிகழக்கூடியதா என்பது வேறு கேள்வி. அவ்வாறு நினைத்த உள்ளம் நல்லுள்ளம்.

உள்ளத்தைப் புகழ்ந்தபின் செவியைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கின்றது. மொழியே கதையின் முடிச்சாக அமைந்த படத்திலே அம்மொழி எவ்வளவு திருத்தமாக இருத்தல் வேண்டும்! சசிகுமாரும் சிம்ரனும் உழைத்திருக்கின்றனர். சில இடங்களில் நன்றாகவே வந்திருக்கின்றது. ஆயினும் தந்தை ஓர் ஊரவர், தாய் ஓர் ஊரவர், மூத்த மகன் மூன்றாம் ஊரவன் என்று எமக்குத் தோன்றிய இடங்கள் பல. சிம்ரன் 2002இல் வந்த 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தில் ஈழத்துக் குழந்தையை வளர்த்த இந்தியத் தாயாக நடித்தவர். இருபத்து மூன்று ஆண்டுகளின்பின் ஈழத்துத் தாயாகவே வருகின்றார். அப்படத்திற் போரும் பிரிவும் கண்ணுக்கு மிக அழகாக இருந்தன. எமது காதுக்கு மட்டும் ஏதோ குறைந்தது. 2000இல் வந்த 'தெனாலி'யிலே கமலகாசனின் நாவன்மை வியத்தற்குரியது. ஆனால் எதற்கும் அஞ்சும் ஒருவனது நகைப்புக்கு உரிய மொழியாக அது அங்கே அமைந்தது. அதன்பின் தமிழகத்திற் பலர் எம்மைக் கண்டவுடன் அந்த ஓசையிலேயே பேசிக் காட்டத் தலைப்பட்டனர். 2021இல் இணையவழி வந்த 'ஃபேமிலி மேன்' இந்தித் தொடரின் இரண்டாம் பருவத்தில் ஈழத்துப் பெண்ணாகச் சமந்தா வருகின்றார். அதன் கதைக்குத் தமிழகத்திற் பெரும் எதிர்ப்பெழுந்தது. மாநில அரசே தடைவேண்டி மத்திய அரசுக்கு எழுதிற்று. அதன் மொழி பற்றிய முறைப்பாடு எதுவும் எம் செவிக்கு எட்டவில்லை.

பிழை எங்கே நேர்கின்றது? சொற்கள் நம்முடையனவாகவும் வாக்கியம் அவர்களுடையதாகவும் இருப்பதிலே நேர்கின்றது. 'ஓம், நான் நாளைக்கு வரேன்' என்னும் வகையான வாக்கியத்தை இப்படங்களில் அடிக்கடி கேட்கலாம். 'ஓம்' யாழ்ப்பாணம், 'வரேன்' சென்னை. 'வாறன்' என்று முடியாத வாக்கியத்தின் தலையில் எத்தனை 'ஓம்' வைத்தாலும் அது இங்குள்ளார் பேச்சாகாது. 'ஒன்று' நமக்கு 'ஒண்டு', அவர்களுக்கு 'ஒண்ணு'. வினவும்போது நாம் 'வாறியளோ' என ஓகாரத்தால் வினவுவோம். முன்னிற்போனுக்கு அருகிலுள்ள பொருளை 'உது' என்போம். அகரம், இகரம், உகரம் மூன்றையும் சுட்டெழுத்துக்களாகத் தொல்காப்பியர் வகுத்தார். ஓகாரத்தையும் வினாவெழுத்தாகக் கொண்டார். தமிழகப் பேச்சில் உகரச்சுட்டு வழக்கொழிந்தது. யாழ்ப்பாணத்துச் சந்தையிலே மீன் விற்கும் பெண் அதனை நாள்தோறும் நூறுமுறை வழங்குகின்றாள். இத்துணைப் படங்களிலும் ஒரு பாத்திரமேனும் 'உதென்ன?' என்று இயல்பாகக் கேட்டதாக எமக்கு நினைவில்லை.

அன்றியும் ஈழத்துப் பேச்சு ஒன்றன்று. மட்டக்களப்பார் 'மறுகா' என்பதை யாழ்ப்பாணத்தார் 'பேந்து' என்பர். மட்டக்களப்பு வழக்கு எழுத்துத் தமிழுக்கு மிக நெருங்கியது என்று செக் நாட்டறிஞர் கமில் சுவெலபில் கருதினார். மலையகத்தார் பேச்சு வேறு, மன்னாரார் பேச்சு வேறு, முசிலிம் மக்கள் பேச்சு வேறு. இவையெல்லாவற்றையும் ஓரிழுவையாக இழுத்து 'இலங்கைத் தமிழ்' எனப் பெயரிட்டுவிடுகின்றது சென்னைத் திரை.

இனி ஓர் அதிசயத்தைக் கூறுகின்றோம். நாம் கண்டவற்றுள் ஈழத்துப் பேச்சு மிக இயல்பாக ஒலித்த படங்கள் இரண்டு. இரண்டையும் இயக்கியவர்கள் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவரல்லர். ஒன்று, 2015இற் கான் விழாவில் முதற்பரிசாகிய பொற்பனையோலை பெற்ற 'தீபன்'. பிரான்சு நாட்டவராகிய ஜாக் ஓடியார் இயக்கியது. ஒருவர்க்கொருவர் உறவில்லாத ஆணும் பெண்ணும் சிறுமியும் ஒரு குடும்பம் எனப் பொய்கூறிப் பிரான்சு சேரும் கதை. தலைவனாக நடித்தவர், ஷோபாசக்தி என்னும் பெயரால் எழுத்துலகம் அறிந்த அந்தோனிதாசன் யேசுதாசன். தீவகத்து அல்லைப்பிட்டியிற் பிறந்தவர். படத்தின் இறுதிப்பகுதியில் நிகழும் துப்பாக்கிக் கூத்து எமக்கு உடன்பாடன்று. ஆனால் அம்மனிதர் வாய்திறக்கும் இடமெல்லாம் தீவகம் கேட்கின்றது. மற்றொன்று 1977இல் வெளிவந்த 'பொன்மணி'. யாழ்ப்பாண வளாகத்தில் விரிவுரையாளராக இருந்த சிங்களக் கலைஞர் தர்மசேன பத்திராஜ இயக்க, காவலூர் இராசதுரை எழுதியது. தேய்ந்த பிரதி ஒன்றிலேதான் பார்த்தோம். கோடுகள் விழுந்த அத்திரையில் யாழ்ப்பாணத்து வீட்டு விறாந்தையிலே பெண்கள் தாழ்ந்த குரலிற் கதைக்கும்போது எமது தாயார் உயிருடன் எழுந்து வந்தாற்போல் இருந்தது.

இவ்விருவர்க்கும் இது கைகூடியமைக்குக் காரணம் யாது? தமக்கு அம்மொழி தெரியும் என்ற எண்ணம் அவர்களுக்கு இருக்கவில்லை என்பதே எமது துணிபு. ஆதலாற் பேசுவோரிடமே பேச்சை ஒப்படைத்தனர். சென்னையார்க்கோ தமிழ் தெரியும். தெரிந்தவர் பிறரிடம் கேட்பதில்லை, தாமே திருத்திக்கொள்வர்.

ஈழத்தவர் தாமே ஆக்கிய படங்களும் உண்டு. 1962இற் 'சமுதாயம்' தொடங்கி வைத்தது. 1972இற் 'குத்துவிளக்கு' வந்தது. செங்கை ஆழியானின் நாவலிலிருந்து நெடுந்தீவு மீனவர் கதையாக 'வாடைக்காற்று' 1978இல் வந்தது. வானொலியிலோ சானாவின் 'லண்டன் கந்தையா' முதலிய நாடகங்கள் ஒருகாலத்தில் வீடு முழுவதையும் பெட்டியருகே இருத்தின என்று எம் தந்தையார் சொல்வார். 1983 யூலையிற் கலையகங்களும் கொட்டகைகளும் எரிந்தபோது படச்சுருள்கள் பலவும் உடன் எரிந்தன. எஞ்சியவற்றை எவரேனும் தூய்மை செய்து தந்தால் பாடசாலைகளிற் காட்டலாம். இந்நாட்டிற் பல்கலைக்கழகங்கள் உள்ளன. திரைப்படக் கூட்டுத்தாபனம் ஒன்றும் உள்ளது. கேட்பார் வேண்டும்.

சென்னையாரைக் குறைகூறி இவ்வளவில் நிறுத்தினால் எமக்கு வசதியாக இருக்கும். நிறுத்த முடியவில்லை. 1960களின் முற்பகுதியில் ஈழத்துப் பத்திரிகைகளிலே மரபு பற்றிப் பெரும்போர் ஒன்று நிகழ்ந்தது. கதையிலே உழவரும் தொழிலாளரும் தாம் பேசும் தமிழிற் பேசலாமா என்பது வழக்கு. அது 'இழிசனர் வழக்கு' என்று எள்ளியோர் எம் போன்ற பண்டிதர்களே. நாம் அப்போது பிறக்கவில்லை. ஆனால் அவர்களிடம் பயின்றவர்களிடமே நாமும் பயின்றோம். சிவப்பு மைப் பேனையும் அவர்களிடமிருந்தே எமக்கு வந்தது.

சென்ற தவணையில் 'பிரிவு' என்னும் பொருள்பற்றிக் கட்டுரை வரையுமாறு மாணவர்க்குப் பணித்திருந்தோம். ஒரு மாணவன் விடுதியிற் சேர்வதற்காக ஊரைவிட்டுப் புறப்பட்ட நாளை எழுதியிருந்தான். பேருந்து புறப்படும்போது அவன் தாய், "கவனமாய்ப் போட்டு வா மேனை" என்றதாக இருந்தது. நாம் அதனைச் சிவப்பு மையால் வெட்டி, "கவனமாகச் சென்று வருக, மகனே" என மேலே எழுதினோம். கொப்பியைப் பெற்றுக்கொண்ட மாணவன் சற்று நேரம் நின்றான். பின்பு மிகப் பணிவாக, "ஐயா, அம்மா அப்பிடிச் சொல்லேல்லை" என்றான். "இலக்கியத்தில் அப்படித்தான் சொல்லவேண்டும்" என்று கூறி இருத்திவிட்டோம்.

படங்களைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த விடுமுறை முழுவதும் அம்மாணவன் முகமே நினைவில் வந்தது. நாம் அவன் தாய்க்குச் செய்ததைத்தானே சிம்ரனுக்கு உரையாடல் எழுதியவரும் செய்திருக்கின்றார்! அவர் எம்மிலும் சற்று இரக்கத்தோடு செய்தார் என்றுகூடச் சொல்லலாம். கட்டுரையில் ஆசிரியன் கூற்றுச் செந்தமிழில் நடக்க வேண்டும் என்பதில் எமக்கு இன்றும் ஐயமில்லை. அதிற் சந்திப்பிழை விடுவானாயின் இனியும் வெட்டுவோம். ஆனால் ஒருவர் வாயிலிருந்து வந்ததாக மேற்கோட் குறிக்குள் எழுதப்படுவது அவருடைய உடைமை.

தவணை தொடங்கிய முதல்நாள் அக் கொப்பியைக் கேட்டு வாங்கினோம். சிவப்பு மையை அழிக்க இயலவில்லை. எமது திருத்தத்தைக் குறுக்கே கோடிட்டு வெட்டி, தாயின் சொல்லை மீண்டும் தெளிவாக எழுதி, 'இது பிழையன்று' என்று ஓரத்திற் குறித்துக் கையொப்பமிட்டோம். வாங்கிப் பார்த்த மாணவன், அப்படியானாற் புள்ளியும் கூடுமோ என்று வினவினான். இரண்டு கூட்டிக் கொடுத்தோம்.